நறுக்கிய வாழைக்காயும் நடுங்கும் கையும்

வாழைக்காயைக் கையில் எடுக்கும் முன்பே மோர் கலந்த தண்ணீரைப் பாத்திரத்தில் எடுத்து வைத்துக்கொள்வது நம் அடுப்படி வழக்கம். நறுக்கிய துண்டுகள் அதில் விழுந்தால் வெளுப்பாகவே இருக்கும். மறந்துபோய்த் தட்டில் போட்டு வைத்தால், கடுகு தாளிப்பதற்குள் கறுக்கத் தொடங்கிவிடும். சிறுமலையிலிருந்து இறங்கித் திண்டுக்கல் சந்தைக்கு வரும் வாழைத்தாரிலும் இதைப் பார்க்கலாம். வண்டியில் குலுங்கி வந்த பழத்தில், அடிபட்ட இடம் மட்டும் மறுநாள் கறுத்திருக்கும். காற்றுப் பட்டதால் கறுத்தது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அடிபட்ட பழத்தின் தோல் கிழியவில்லை, புதிதாகக் காற்று உள்ளே போகவும் இல்லை. பிறகு என்னதான் மாறியது? மோர் எதைத் தடுக்கிறது?

விடை செல்லின் உள்ளமைப்பில் இருக்கிறது. வாழையின் ஒவ்வொரு செல்லும் மெல்லிய சவ்வுகளால் பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஓர் அறையில் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. அந்த நொதி பிடித்து மாற்றக்கூடிய வேதிப்பொருள் வேறோர் அறையில் கரைந்து கிடக்கிறது. காய் முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. கத்தி பட்டாலோ அடி விழுந்தாலோ சவ்வுகள் கிழிந்து இரண்டும் கலந்துவிடுகின்றன. பழத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. நொதி அந்த வேதிப்பொருளின் எலெக்ட்ரான்களைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. எலெக்ட்ரானை இப்படி இழப்பதைத்தான் ஆக்சிஜனேற்றம் என்கிறார்கள். இரும்பு துருப்பிடிப்பதும் இதே கதைதான்.

எலெக்ட்ரானை இழந்த பொருள் குயினோன் ஆகிவிடுகிறது. குயினோன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பக்கத்தில் இருக்கும் புரதங்களோடு ஒட்டும். தன்னைப் போன்றவற்றோடு கோத்துக்கொண்டு மெலனின் என்னும் கறுப்பு நிறமியாகத் திரளும். மோரின் புளிப்பு இந்த நொதியை மந்தமாக்குகிறது, தண்ணீர் காற்றை மறைக்கிறது. துண்டு வெளுப்பாக இருப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

வாழையில் அப்படிக் கறுக்கும் பொருள் எது என்பதை 1959இல் எல். ஏ. கிரிஃபித்ஸ் என்பவர் 'நேச்சர்' இதழில் எழுதினார். அதன் பெயர் டோபமின். செய்தித்தாள்கள் 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று எழுதுகின்றனவே, அதே டோபமின்தான். 2000இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று கேவெண்டிஷ் வாழையை அளந்து பார்த்தது. நூறு கிராம் தோலில் 80 முதல் 560 மில்லிகிராம், நூறு கிராம் சதையில் 2.5 முதல் 10 மில்லிகிராம் டோபமின் இருந்தது.

நடுமூளையின் கறுப்பு

மனித மூளையின் நடுப்பகுதியைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். உடற்கூறு நூல்களில் அதற்குக் கரும்பொருள் என்று பெயர். அங்கே இருக்கும் சில லட்சம் நரம்பணுக்கள் டோபமினைத் தயாரித்து, உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிக்கு அனுப்புகின்றன. அந்தப் பட்டையின் கறுப்பு நிறத்துக்குக் காரணம் நியூரோமெலனின் என்னும் நிறமி. அதுவும் டோபமின் ஆக்சிஜனேற்றம் அடைந்து திரண்டதுதான். பச்சைக் குழந்தையின் மூளையில் இந்தக் கறுப்பு இருப்பதில்லை. வயது ஏற ஏறச் சேர்கிறது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஒரு சிறு நூலில் விவரித்த நோயை நாம் நடுக்குவாதம், உதறுவாதம் என்கிறோம். கை சும்மா இருக்கும்போது நடுங்கும், உடல் விறைக்கும், நடை தடைபடும், கையெழுத்து சிறுத்துப்போகும். இந்த நோயால் இறந்தவர்களின் மூளையை 1919இல் பாரிஸில் ஆராய்ந்த டிரெடியாகோஃப், கறுத்திருக்க வேண்டிய பட்டை வெளுத்துப் போயிருப்பதைக் கண்டார். கறுப்பான நரம்பணுக்கள் செத்துப்போனதால் வந்த வெளுப்பு அது. நடுக்கம் வெளியே தெரியும் காலத்தில் அந்த நரம்பணுக்களில் ஏறத்தாழ பாதி போய்விட்டிருக்கும்.

டோபமினுக்கும் அசைவுக்கும் உள்ள உறவு தெரிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1957இல் சுவீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தாவிலிருந்து எடுத்த ரெசர்பின் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசையாமல் உட்கார்ந்துவிட்டன. டோபமினுக்கு முந்தைய படியான லெவோடோபாவை ஊசியில் ஏற்றியதும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வற்றிக் கிடப்பதை அளந்து காட்டினார்கள். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த லெவோடோபாவுக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்கதை உண்டு. வேலியோரம் படரும் பூனைக்காலியை நம் ஊர்க்காரர்களுக்கு அதன் சுணையால்தான் தெரியும். காயின் மேல் இருக்கும் மயிர் தோலில் பட்டால் அரித்துத் தள்ளிவிடும். அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் 1937இல் கட்டுரை வெளியிட்டார்கள். அது எதற்கு உதவும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாத காலம் அது. கார்ல்சனின் முயல்கள் எழுந்து நடக்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. இன்றைக்கும் நடுக்குவாதத்துக்கு முதன்மை மருந்து லெவோடோபாதான்.

வாழையில்தான் டோபமின் இருக்கிறதே, பழம் தின்றால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு டோபமினை உள்ளே விடாது. லெவோடோபா ஓர் அமினோ அமிலம் என்பதால், அமினோ அமிலங்களுக்கென்றே இருக்கும் வாசல் வழியாக உள்ளே போய், அங்கே டோபமினாக மாறுகிறது. அதனால்தான் புரதம் மிகுந்த சாப்பாட்டோடு இந்த மாத்திரையைச் சேர்க்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மட்டன் பிரியாணி சாப்பிட்ட கையோடு மாத்திரையைப் போட்டால், இறைச்சியிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசலில் முண்டியடிக்கும். மருந்து வெளியே நின்றுவிடும்.

இடம் தவறினால்

லெவோடோபா இழந்த டோபமினைத்தான் ஈடுகட்டுகிறது. நரம்பணுக்கள் சாவதை அது நிறுத்துவதில்லை. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்க, இந்தச் சில லட்சம் மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக மடிகின்றன?

வாழைச் செல்லைப் போலவே இந்த நரம்பணுவும் டோபமினைத் தனி அறையில் பூட்டி வைக்கிறது. நுண்பைகள் எனப்படும் சின்னஞ்சிறு உறைகளுக்குள் டோபமின் அடைபடுகிறது. அவற்றின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது, அதாவது புளிப்பு. புளிப்பில் டோபமின் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையாது. பைக்கு வெளியே, செல்லின் பொதுநீரில் புளிப்பு கிடையாது. அங்கே கசிந்து நிற்கும் டோபமின் நொதியின் உதவி இல்லாமலேயே குயினோனாக மாறும். அந்தக் குயினோன் பக்கத்துப் புரதங்களில் ஒட்டி அவற்றின் வேலையைக் கெடுக்கும். ரெசர்பின் முயல்களை முடக்கியது எப்படி என்பதும் இங்கே விளங்கும். டோபமினைப் பைக்குள் ஏற்றும் புரதத்தை அது அடைத்துவிடுகிறது. வெளியே நின்ற டோபமின் சிதைந்து வீணாகிறது.

இதெல்லாம் ஊகம் இல்லை என்று எப்படித் தெரியும்? 1988இல் ஹிர்ஷ், கிரேபியல், அஜித் ஆகியோர் நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் நடுமூளையில் நரம்பணுக்களை எண்ணினார்கள். டோபமின் தயாரிக்கும் நரம்பணுக்களிலேயே கறுப்பு நிறமி உள்ளவைதான் அதிகம் அழிந்திருந்தன, நிறமி இல்லாதவை பெரும்பாலும் தப்பியிருந்தன. 2000இல் டேவிட் சல்சர் குழுவினர், டோபமினைப் பைக்குள் ஏற்றும் புரதத்தை வளர்ப்பு நரம்பணுக்களில் கூடுதலாகச் சுரக்கச் செய்தார்கள். கறுப்பு நிறமி சேர்வது நின்றுபோனது. எலிகளின் நடுமூளையில் இயற்கையாக இந்தக் கறுப்பு சேர்வதில்லை. 2019இல் பார்சலோனாவில் மிகெல் விலாவின் குழுவினர், மெலனினை உண்டாக்கும் மனித நொதி ஒன்றை எலியின் நடுமூளையில் இயங்க வைத்தார்கள். நிறமி சேர்ந்தது. ஓர் அளவைத் தாண்டியதும் நரம்பணுக்கள் சாக ஆரம்பித்து, எலிகளின் அசைவும் கெட்டது.

டோபமின் மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. நம் உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா, உணவிலிருந்து வந்த எலெக்ட்ரான்களைப் படிப்படியாகக் கைமாற்றி, கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்த்து ஆற்றலை எடுக்கிறது. வழியில் சில எலெக்ட்ரான்கள் சிந்தும். சிந்திய எலெக்ட்ரானைப் பிடித்த ஆக்சிஜன், சூப்பர் ஆக்சைடு என்னும் துடுக்கான மூலக்கூறாகிறது. இதை உடனுக்குடன் அடக்குவதற்கென்றே நம் செல்களில் ஒரு நொதி இருப்பதை 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் கண்டார்கள். அந்த நொதி சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. காயம் கழுவும்போது நுரைக்கிறதே, அதே மருந்துதான். அதையும் வேறு நொதிகள் தண்ணீராக்கிவிடும். அப்படி ஆகும் முன் இரும்பு அதைச் சந்தித்தால், கண்ணில் பட்டதையெல்லாம் சிதைக்கும் ஹைட்ராக்சில் பிறக்கும். கரும்பொருளில் இரும்பும் அதிகம்.

இந்த நரம்பணுக்களுக்கு வேலையும் அதிகம். யாரும் தூண்டாமலே நொடிக்குச் சில முறை தாமாகத் துடிக்கின்றன. ஒவ்வொன்றின் கிளைகளும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனைக்கும் மைட்டோகாண்டிரியா ஆற்றல் கொடுத்தாக வேண்டும். உற்பத்தி கூடினால் சிந்தலும் கூடும். சிந்தல் ஒரு பக்கம், அடக்கும் நொதிகள் மறுபக்கம். அடக்க முடியாத அளவுக்குச் சிந்தல் மிஞ்சும் நிலையை 1985இல் ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் ஆக்சிஜனேற்ற நெருக்கடி என வரையறுத்தார்.

வயலில் இருந்து வந்த சாட்சி

மைட்டோகாண்டிரியா தடைபட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு விபத்து காட்டிக்கொடுத்தது. 1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர், சில நாள்களில் பேச்சும் அசைவும் இன்றி விறைத்துப்போனார்கள். முதியவர்களுக்குப் பல ஆண்டுகளில் மெதுவாக முற்றும் நடுக்குவாதம், இவர்களுக்கு ஒரே வாரத்தில் வந்ததுபோல் இருந்தது. மருந்தில் எம்பிடிபி என்னும் கலப்படம் இருந்ததை வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் கண்டுபிடித்து 1983இல் எழுதினார்கள். மூளைக்குள் போனதும் அது வேறொரு பொருளாக மாறுகிறது. அந்தப் பொருள் டோபமினுக்கான வாசல் வழியாகவே இந்த நரம்பணுக்களுக்குள் நுழைந்து, மைட்டோகாண்டிரியாவின் முதல் படியை அடைக்கிறது. 1989இல் ஆண்டனி ஷாபிரா குழுவினர் சாதாரண நடுக்குவாத நோயாளிகளின் கரும்பொருளிலும் இதே முதல் படி பலவீனமாக இருப்பதைக் காட்டினார்கள்.

எம்பிடிபியிலிருந்து மூளைக்குள் உருவாகும் அந்தப் பொருளை ஒத்த வடிவம் கொண்டதுதான் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. செடிக்குள் சூப்பர் ஆக்சைடைப் பெருக்கித்தான் அது களையைக் கருக்குகிறது. ரோட்டினோன் என்னும் பூச்சிக்கொல்லி ஒரு செடியின் வேரிலிருந்து வருவது. 'இயற்கை மருந்து' என்ற பெயரும் அதற்கு உண்டு. மைட்டோகாண்டிரியாவின் அதே முதல் படியைத்தான் அது அடைக்கிறது. இந்த இரண்டில் ஒன்றைக் கையாண்டவர்களுக்கு நடுக்குவாதம் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு கூடுதலாக இருந்ததை, அமெரிக்காவில் மருந்து தெளிக்கும் தொழிலாளர்களிடமும் விவசாயக் குடும்பங்களிலும் நடத்திய ஆய்வில் கேரோலின் டானர் குழுவினர் 2011இல் தெரிவித்தார்கள். ஒரு தொடர்பு தெரிந்ததாலேயே அது காரணம் ஆகிவிடாது. ஆனால் ஆய்வகத்தில் எலிகளும் அதையே சொல்லும்போது சந்தேகம் வலுக்கிறது. பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் தடை. நிலக்கோட்டையில் மல்லிகைக்கும் ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக்கும் முதுகில் டேங்கைச் சுமந்து மருந்தடிப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. காற்று எதிர்த்து அடிக்கும்போது தெளிக்காமல் இருப்பது, கையுறை போடுவது, நனைந்த சட்டையை உடனே கழற்றிக் கழுவுவது ஆகியவை பூச்சிமருந்து டப்பாவில் சம்பிரதாயத்துக்கு அச்சடித்த வரிகள் அல்ல.

அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை?

ஆக்சிஜனேற்றம்தான் பிரச்சினை என்றால், அதைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்தால் தீர்ந்ததே என்று விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளிடம் வைட்டமின் ஈயை அதிக அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 1993இல் வந்த முடிவு, பயனில்லை என்பது. கோஎன்சைம் க்யூ10 என்னும் இன்னொரு ஆன்டிஆக்சிடன்டை 600 பேரிடம் சோதித்தார்கள். பலன் தெரியாததால் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்; முடிவு 2014இல் வெளியானது.

ஏன் பலிக்கவில்லை? நோய் வெளியே தெரியும்போதே பாதி நரம்பணுக்கள் போய்விட்டன என்பது ஒரு காரணம். மாத்திரை தேவையான இடத்துக்குத் தேவையான அளவில் போய்ச் சேர்வதில்லை என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம்தான் சுவையானது. ஆக்சிஜனேற்றம் செல்லுக்குச் சேதம் மட்டும் இல்லை, செய்தியும்கூட.

1995இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் மைத்ரேயி சுந்தரேசன், டோரன் ஃபிங்கல் உள்ளிட்டோர் ரத்தக்குழாய்த் தசைச் செல்களில் ஒரு வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தார்கள். செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு சட்டென்று ஏறி இறங்கியது. அந்தப் பெராக்சைடை அழிக்கும் நொதியைச் செல்லுக்குள் சேர்த்துவிட்டால், வளர்ச்சிக் காரணி வந்து நின்றாலும் செல் அசைந்துகொடுக்கவில்லை. வெளியே இருந்து வந்த கட்டளையை உள்ளே எடுத்துச் சென்றது பெராக்சைடுதான் என்று இதிலிருந்து புரிந்தது. வெளியே கிடைத்த தகவல் மூலக்கூறுக்கு மூலக்கூறு கைமாறி உட்கரு வரை போவதைத்தான் செல் சமிக்ஞை என்கிறோம்.

ஆபத்தையே செல் எப்படிச் செய்தியாகப் படிக்கிறது என்பதற்குத் திண்டுக்கல் பூட்டு ஒன்றைக் காட்டலாம். இங்கே செய்யும் வகைகளில் பெல் பூட்டு என்று ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடித்து, வீட்டுக்காரரை உஷார்படுத்தும். செல்லில் கீப்1 என்னும் புரதம் அப்படிப்பட்டது. சாதாரண நாளில் அது என்ஆர்எஃப்2 என்னும் இன்னொரு புரதத்தைப் பிடித்து, சில நிமிடங்களிலேயே அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கீப்1இன் உடலில் கந்தகம் கொண்ட சில முனைகள் இருக்கின்றன. பெராக்சைடோ குயினோனோ அவற்றைத் தொட்டுத் திருகினால் பிடி தளரும். விடுபட்ட என்ஆர்எஃப்2 உட்கருவுக்குப் போய், நூற்றுக்கணக்கான ஜீன்களை எழுப்பும். குளூட்டாத்தயோன் என்னும் காப்புப் பொருள் கூடும், குயினோனை அடக்கும் நொதி சுரக்கும், சேதமான புரதங்களைத் துப்புரவாக்கும் வேலை தொடங்கும். ஜப்பானில் மசாயுகி யாமமோட்டோ குழுவினர் 1999இல் கீப்1ஐ அடையாளம் கண்டார்கள். 2003இல் சில குடும்பங்களில் இளம் வயதிலேயே நடுக்குவாதம் வரக் காரணமான டிஜே-1 என்னும் ஜீன் தெரியவந்தது. அது உண்டாக்கும் புரதமும் ஆக்சிஜனேற்றத்தை உணரும் வகைதான். ஆபத்தை உணர்த்தும் புரதம் கெட்டாலே நோய் வரலாம் என்பதற்கு அந்தக் குடும்பங்கள் சாட்சி.

இனி மாத்திரைக்கு வருவோம். உள்ளே இருக்கும் பெராக்சைடை எல்லாம் வெளியிலிருந்து துடைத்தெடுக்க முடிந்தால் மணியும் அடிக்காது. 2009இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவ் குழுவினர் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் சியும் ஈயும் தினமும் உண்டு. மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, உடலின் சொந்தக் காப்பு நொதிகளும் கூடின. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. உடற்பயிற்சியின்போது பிறக்கும் சிறு ஆக்சிஜனேற்றம்தான் காப்பு வேலையைத் தொடங்கி வைக்கிறது. மாத்திரை அதை மௌனமாக்கிவிட்டது. காய்கறிகளின் நன்மையில் ஒரு பங்கும் இதே வழியில் வரக்கூடும். முட்டைக்கோஸ், கடுகுக் குடும்பத்துச் செடிகளை நறுக்கும்போதும் மெல்லும்போதும் பிறக்கும் காரச் சேர்மங்கள் ஆய்வகச் செல்களில் கீப்1ஐத்தான் தட்டுகின்றன. பூச்சியை விரட்ட அந்தச் செடி வைத்திருக்கும் லேசான நஞ்சு அது.

எனவே, மூளைக்கு ஆக்சிஜனேற்றம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. பைக்குள் இருக்க வேண்டிய டோபமின் வெளியே நின்றால் கேடு. மைட்டோகாண்டிரியாவில் அளவோடு சிந்தினால் செய்தி, அளவு மீறினால் சேதம். மூளையைக் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட் என்று எழுதிய டப்பாவை யாராவது நீட்டினால், இது மூளைக்குள் போகுமா, எந்தச் செல்லுக்குள், எந்த அறைக்குள் போகும், நோயாளிகளிடம் சோதித்தார்களா என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரும்வரை, அந்தக் காசுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொண்டு விடியற்காலையில் வியர்க்க வியர்க்க நடப்பது மேல்.